ஆம்புலன்ஸில் நோயுற்ற குழந்தை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கியது. வண்டியில் செல்லும் மருத்துவ உதவியாளர்களிடம், எந்த அழைப்பு வந்தால் நெஞ்சு படபடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பலரும் தயங்காமல் குழந்தை நோயாளி என்றுதான் சொல்வார்கள். வீட்டு வாசலிலிருந்து மருத்துவமனை வாசல்வரை கழியும் அந்த இருபது முப்பது நிமிடங்களில் என்ன பார்ப்பது, என்ன செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது என்று பயிற்சி வகுப்புகளில் புதியவர்களும், கிராம சுகாதாரச் செவிலியர்களும், பெற்றோர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மருந்தளவுகள் பயிற்சி பெற்றவர்களுக்கு உரியவை. அவர்களும் தங்கள் சேவையின் வழிகாட்டுதலையும், கட்டுப்பாட்டு மையத்து மருத்துவர் தொலைபேசியில் சொல்வதையும் ஒட்டியே நடக்க வேண்டும்.

பெரியவர்களைப் பார்ப்பதுபோலவே குழந்தையையும் பார்த்தால் என்ன தவறு?

பெரியவர்களுக்கு இதயம் திடீரென நிற்பதற்குப் பெரும்பாலும் இதயமே காரணமாக இருக்கும். குழந்தைக்கு அப்படியல்ல. முதலில் மூச்சு தளரும், அல்லது உடலில் ரத்த ஓட்டம் குறையும். அதைத் தாங்கித் தாங்கிக் களைத்த பிறகுதான் இதயம் நிற்கும். அப்படி நின்றுவிட்ட இதயத்தை மருத்துவமனைக்கு வெளியே மீட்பது மிகக் கடினம். ஆனால் நிற்பதற்கு முன்பு நமக்கு நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் மூச்சைக் கவனித்தவர்கள் குழந்தையைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் எந்தக் கேள்வியைத் தொட்டாலும் பதில் சுற்றிவந்து மூச்சிலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

உடலமைப்பும் வேறு. கைக்குழந்தையின் தலை பெரிது, நாக்கு பெரிது, மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. பெரியவருக்குச் சற்றே கரகரப்பை உண்டாக்கும் வீக்கம், குழந்தையின் மூச்சுப்பாதையைப் பாதி அடைத்துவிடும். விலா எலும்புகள் வளையும் தன்மை கொண்டவை என்பதால், மூச்சுக்குப் போராடும்போது நெஞ்சே உள்ளே இழுபடும். சர்க்கரை சீக்கிரம் குறையும். உடல் சீக்கிரம் குளிர்ந்துபோகும்.

குழந்தையின் அருகே சென்றதும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

எதையும் செய்யாமல், நான்கடி தள்ளி நின்று அரை நிமிடம் பாருங்கள். கை வைத்த மறுகணமே குழந்தை வீறிட்டு அழத் தொடங்கும். பிறகு அழுகையால் மூச்சு வாங்குகிறதா, நோயால் வாங்குகிறதா என்று பிரித்தறிய முடியாது.

மூன்று செய்திகளைக் கண்ணாலும் காதாலும் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் பயிற்சி வழியாகப் பரவிய இந்த முறையை ‘மதிப்பீட்டு முக்கோணம்’ என்று கற்பிக்கிறோம். முதலாவது, தோற்றம்: கை கால்களை அசைக்கிறதா, துவண்டு கிடக்கிறதா, தாயின் முகத்தைப் பார்க்கிறதா, எதையும் பாராமல் வெறிக்கிறதா, தூக்கினால் அடங்குகிறதா, அழுகை ஓங்கி ஒலிக்கிறதா, ஈனக் குரலாக இருக்கிறதா. இரண்டாவது, மூச்சுக்காகப் படும் பாடு: மூக்குத் துவாரம் விரிகிறதா, விலா இடுக்குகள் குழிகின்றனவா, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுகிறதா, மூச்சு விடும்போது முனகல் கேட்கிறதா. மூன்றாவது, தோலின் நிறம்: வெளுத்திருக்கிறதா, திட்டுத் திட்டாக இருக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா.

இம்மூன்றில் நான் அதிகம் நம்புவது தோற்றத்தைத்தான். ஊசி போட வருபவரைக் கண்டு முரண்டு பிடிக்கும் குழந்தையைவிட, யார் தொட்டாலும் ஏனென்று கேட்காத குழந்தைக்காகவே நாம் விரைய வேண்டும். “ராத்திரி முழுக்க அழுதான் சார், இப்பதான் அமைதியா இருக்கான்” என்று தாய் நிம்மதியோடு சொல்லும்போது, அந்த அமைதி உறக்கமா, மயக்கமா என்று உடனே எழுப்பிப் பார்த்துவிட வேண்டும்.

மூச்சை எப்படி எண்ணுவது? பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் போதாதா?

போதாது. கைக்குழந்தை ஒரே சீராக மூச்சு விடுவதில்லை. வேகமாகச் சில மூச்சு, பிறகு சிறு இடைவெளி, மறுபடியும் வேகம் என்று போகும். ஆகவே ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். குழந்தை தாயின் மடியிலேயே இருக்கட்டும். சட்டையை மட்டும் தாயே மேலே தூக்கிப் பிடிக்கட்டும். வயிறும் நெஞ்சும் சேரும் இடத்தைப் பாருங்கள். இரவானால் கைபேசி விளக்கைக் கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து பிடித்தால், விலாவின் ஓரத்தில் விழும் நிழல் ஏறி இறங்குவது தெளிவாகத் தெரியும். கடிகாரத்தை ஓட்டுநரோ வீட்டாரில் ஒருவரோ பார்த்துச் சொல்லலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், 2 முதல் 11 மாதம்வரை 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுவரை 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேகமூச்சு. இன்னொன்றையும் சேர்த்து மனத்தில் கொள்ள வேண்டும். எழுபதாக ஓடிக்கொண்டிருந்த மூச்சு திடீரென முப்பதாகக் குறைந்து, குழந்தையும் துவண்டிருந்தால், அது குணமல்ல. தசைகள் களைத்துவிட்டன என்று பொருள். அப்போது ஆம்பு பை (மாஸ்க் பொருத்தி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கையில் இருக்க வேண்டும். ஆஸ்துமாவும் இப்படித்தான்: மூச்சு கஷ்டமாகவே இருக்க, விசில் போன்ற இளைப்புச் சத்தம் மட்டும் நின்றுவிட்டால், உள்ளே காற்றே போகவில்லை என்று கொள்ள வேண்டும்.

மாஸ்க்கை வைக்கவிடாமல் குழந்தை தள்ளிவிடுகிறதே?

மல்லுக்கட்ட வேண்டாம். பிடித்து அமுக்கிப் படுக்க வைத்தால் அழுகை கூடும். அழ அழ ஆக்சிஜன் தேவையும் கூடும். குழந்தை எந்த நிலையில் உட்கார்ந்து மூச்சு விடுகிறதோ அதுவே அதற்கு உகந்த நிலை. தாயின் கையில் மாஸ்க்கைக் கொடுத்து, முகத்துக்கு அருகே பிடிக்கச் சொல்லுங்கள். ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கப் பார்க்க வேண்டும். கை சில்லிட்டிருந்தால் பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. மூச்சை உள்ளிழுக்கும்போது தொண்டையில் கரகரவென்று ஒலி எழுந்து, எச்சிலும் வழிந்துகொண்டிருந்தால், நாக்கை அழுத்தி வாய்க்குள் பார்க்க முயலவே கூடாது. அந்த ஒரு செயலாலேயே மூச்சுப்பாதை முழுதும் அடைபடக்கூடும்.

ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் பயமில்லைதானே?

இந்த நம்பிக்கைதான் எனக்குப் பயம் தருகிறது. உடலில் நீர்ச்சத்தோ ரத்தமோ குறையும்போது குழந்தையின் இதயம் வேகத்தைக் கூட்டும், ரத்தக் குழாய்கள் இறுகும், அழுத்தம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அழுத்தம் இறங்கியபின் மிஞ்சியிருக்கும் நேரம் மிகக் குறைவு. ஒன்று முதல் பத்து வயதுவரை, வயதை இரண்டால் பெருக்கி எழுபதைக் கூட்டினால் வரும் எண்ணுக்குக் கீழே மேல் அழுத்தம் இருந்தால் தாழ்வு. நான்கு வயதுக் குழந்தைக்கு அது 78. ஆனால் அந்த எண்ணுக்காகக் காத்திருக்கக் கூடாது.

அதற்கு முன்பே கை பேசும். உங்கள் புறங்கையைக் குழந்தையின் பாதத்தில் வைத்து, மெல்ல முழங்கால், தொடை என்று மேலே நகர்த்துங்கள். எந்த இடத்தில் குளிர்ச்சி முடிந்து வெப்பம் தொடங்குகிறது என்று பாருங்கள். நெஞ்சின் நடுவில் ஐந்து விநாடி விரலால் அழுத்தி எடுத்தால், வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது என்று தாயிடம் கேளுங்கள்.

டெங்கு பரவும் மாதங்களில் இதற்கு இரட்டிப்புக் கவனம் வேண்டும். காய்ச்சல் விட்டதும் வீட்டார் நிம்மதி அடைவார்கள்; ஆனால் டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது காய்ச்சல் இறங்கும் அந்தச் சமயத்தில்தான். காய்ச்சல் விட்ட குழந்தைக்கு வயிற்றுவலி, விடாத வாந்தி, சில்லிட்ட கை கால், அசதி ஆகியவை இருந்தாலோ, மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடைவெளி 20 அல்லது அதற்குக் குறைவாக இருந்தாலோ, அது அதிர்ச்சி நிலை (ஷாக்), அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை. மேல் அழுத்தம் 100, கீழ் அழுத்தம் 84 என்று குறித்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சலைனை வேகமாக ஏற்றிவிடலாமா?

வயிற்றுப்போக்கால் வற்றிப்போன குழந்தைக்கு ஏற்றத்தான் வேண்டும். ஆனால் எல்லா அதிர்ச்சிக்கும் ஒரே அளவு என்று இருக்கக் கூடாது. கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3,141 குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு, இத்துறையில் பலரையும் உலுக்கியது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றிவந்த அக்குழந்தைகளில், வேகமாக நீர் ஏற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ 10.5 சதவீதத்தினரும், அப்படி ஏற்றப்படாதவர்களில் 7.3 சதவீதத்தினரும் 48 மணி நேரத்துக்குள் இறந்தார்கள். அங்கே மலேரியாவும் கடும் ரத்தசோகையும் மிகுதி. செயற்கைச் சுவாச வசதி அரிது. ஆகவே அந்த முடிவை எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது. ஆயினும் அது கற்றுக்கொடுத்த நிதானம் நமக்கும் தேவை: கிலோவுக்கு 10 மி.லி. கொடுத்து நிறுத்தி, மூச்சு வேகம் கூடியிருக்கிறதா, நுரையீரலில் நொறநொறவென்ற ஒலி கேட்கிறதா, கல்லீரல் விலாவுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த 10 மி.லி. தரவேண்டும். குழந்தை விழிப்போடு இருந்து குடிக்கவும் முடிந்தால், வண்டியிலேயே ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போகலாம்.

ஊசி ஏற்ற நரம்பு கிடைக்காமல் பத்து நிமிடம் தேடுவது வீண். நரம்பு கிடைக்காத உயிராபத்தில், முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்பு வழியாக மருந்தும் நீரும் செலுத்தும் பயிற்சி உள்ளவர்கள் அதைச் செய்யலாம். பயிற்சி இல்லாதவர்கள் வண்டியை நகர்த்த வேண்டும்.

எடை தெரியாமல் மருந்தளவை எப்படிக் கணக்கிடுவது?

முதலில் தாயிடம் கேளுங்கள். அங்கன்வாடியிலோ தடுப்பூசி அட்டையிலோ சமீபத்திய எடை இருக்கும். இல்லையென்றால் ஒரு வயதுக்கு மேல், வயதோடு நான்கைக் கூட்டி இரண்டால் பெருக்கலாம்: மூன்று வயதுக்கு 14 கிலோ. உயரத்தை அளந்து எடை சொல்லும் வண்ணப் பட்டை வெளிநாட்டுக் குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்டது. நம் மெலிந்த குழந்தைகளுக்கு அது சற்று மிகையாகக் காட்டக்கூடும். அழைப்பிடத்துக்குப் போகும் வழியிலேயே வயதைக் கேட்டு, எடையையும் மருந்தளவையும் கையுறைப் பெட்டியின் மேல் எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். அழுகைக்கும் கூச்சலுக்கும் நடுவே பெருக்கல் கணக்கு வராது.

ஃபிட்ஸ் வந்துகொண்டிருக்கும்போது என்ன செய்வது? கையில் சாவி கொடுக்கலாமா?

சாவியும் இரும்பும் வலிப்பை நிறுத்துவதில்லை. கையைக் காயப்படுத்துவதே மிச்சம். வாய்க்குள் கரண்டி, துணி, விரல் எதையும் திணிக்கக் கூடாது. தண்ணீரோ மருந்தோ ஊற்றக் கூடாது. குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயிலிருந்து வழிவதைத் துடைத்து, மணியைப் பாருங்கள்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை காய்ச்சலோடு வரும் வலிப்பு பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நாம் போய்ச் சேரும்போதும் வலித்துக்கொண்டே இருந்தாலோ மருந்து தேவை. ஊசிக்கு நரம்பு தேட வேண்டியதில்லை. மிடசோலம் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்கிட்டு, இரண்டு மூக்குத் துவாரங்களிலும் பிரித்துத் தெளிக்கலாம். பத்துக் கிலோ குழந்தைக்கு அது 2 மில்லிகிராம். மருந்து கொடுத்தபின் மூச்சு மந்தமாகக்கூடும் என்பதால், ஆம்பு பையும் சரியான அளவு மாஸ்க்கும் தலைமாட்டில் தயாராக இருக்கட்டும்.

அடுத்து, மறக்கவே கூடாத ஒன்று: சர்க்கரை. வலிப்பு வந்த, மயங்கிய, துவண்ட எந்தக் குழந்தைக்கும் குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். 60க்குக் கீழே இருந்தால் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) கிலோவுக்கு 2 முதல் 5 மி.லி.வரை, உங்கள் வழிகாட்டுதலில் உள்ள அளவுப்படி, நரம்பு வழியாகக் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது 25 சதவீதக் குப்பி என்றால், அதில் 10 மி.லி. எடுத்து 15 மி.லி. கிருமி நீக்கிய நீரைச் சேர்த்தால் 10 சதவீதமாகிவிடும். வருடக்கணக்கில் வண்டியில் இருந்தவர்கள்கூட வலிப்பின் பரபரப்பில் இதை விட்டுவிடுகிறார்கள். நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன். மருத்துவமனை வாசலில் செவிலியர் விரலைக் குத்திப் பார்த்தபோது 31 என்று காட்டியது. அந்த எண் இன்றும் கண்ணில் நிற்கிறது.

வீட்டில் கற்பூரம் ஏதும் விழுங்கியதா, கற்பூரம் கலந்த தைலம் உடலெங்கும் தேய்க்கப்பட்டதா என்றும் கேளுங்கள். சளிக்காக அன்போடு தேய்த்த கற்பூரமே சிறு குழந்தைக்கு வலிப்பை உண்டாக்க வல்லது.

தொக்கம் எடுத்தது, வசம்பு கொடுத்தது பற்றியெல்லாம் கேட்டால் வீட்டார் கோபித்துக்கொள்வார்களே?

குற்றம் சாட்டும் குரலில் கேட்டால் கோபம் வரும், மறைக்கவும் செய்வார்கள். “இதுவரைக்கும் என்னென்ன குடுத்திருக்கீங்கம்மா? எல்லாத்தையும் சொல்லுங்க, மருந்து குடுக்க அது தெரியணும்” என்று பாட்டியிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வார். தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டையில் கைவிட்டிருந்தால் அங்கே காயமோ வீக்கமோ இருக்கக்கூடும். வாய்வழி ஊற்றிய எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கக்கூடும். பாட்டியைத் திருத்தும் வேலையை வண்டியில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

தொண்டையில் எதுவோ சிக்கிக்கொண்டது. தலைகீழாகப் பிடித்து உலுக்கலாமா?

வேண்டாம். நிலக்கடலை, சீத்தாப்பழ விதை, புளியங்கொட்டை, பொம்மையின் சிறு பல்பு இவையே அடிக்கடி சிக்குகின்றன. குழந்தை பலமாக இருமினால் இருமவிடுங்கள். இருமலைவிட வலுவான சிகிச்சை அந்த நேரத்தில் வேறில்லை. சத்தமே வராமல் இருமலும் நின்று, முகம் கருத்தால் உடனே செயலில் இறங்க வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. திருப்பிப் போட்டு நெஞ்சு நடுவில் ஐந்து அழுத்தம். ஒரு வயதுக்கு மேல் முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்தம். பொருள் வெளியே வரும்வரை மாறி மாறிச் செய்யவேண்டும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரலால் துழாவினால் அது இன்னும் உள்ளே போகும்.

மூச்சு நின்றால் மூச்சுப்பாதைக்குள் குழாய் போட வேண்டாமா? ஆம்பு பை மட்டும் போதுமா?

போகும் வழிக்குப் போதும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ், ஆரஞ்ச் மாவட்டங்களில் 830 குழந்தைகளிடம் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வழியில் குழாய் போடும் முறையையும் கையாண்ட குழந்தைகளைவிட, ஆம்பு பையால் மட்டும் மூச்சு கொடுக்கப்பட்டவர்கள் எவ்வகையிலும் பின்தங்கவில்லை. ஆகவே பையைச் சரியாகப் பிடிக்கக் கற்றுக்கொள்வதே பெரிய கல்வி. கைக்குழந்தைக்குத் தலையைப் பின்னால் அதிகம் சாய்த்தால் பாதை மடங்கிவிடும். தோளுக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்தால் முகம் நேராக வானைப் பார்க்கும். மாஸ்க் மூக்கின் மேற்பகுதியிலிருந்து தாடைவரை மூடவேண்டும். கண்ணை அழுத்தக் கூடாது. நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும், இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை அழுத்துங்கள். பதற்றத்தில் எல்லோரும் வேகமாகவும் பலமாகவும் அமுக்குவார்கள். அது வயிற்றில் காற்றை நிரப்பி வாந்தியில் முடியும்.

மூச்சு கொடுத்தும் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60க்குக் கீழே இருந்து, தோலும் வெளுத்திருந்தால், துடிப்பு இருக்கிறதே என்று காத்திராமல் நெஞ்சு அழுத்தத்தைத் தொடங்க வேண்டும். இருவர் இருந்தால் 15 அழுத்தத்துக்கு 2 மூச்சு. ஒருவரே என்றால் 30க்கு 2. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு.

பாம்புக்கடி, தேள்கடியில் குழந்தைக்கென்று தனியாக ஏதும் உண்டா?

தரையில் படுத்துறங்கிய குழந்தை விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணிமை சொருகி, எச்சில் விழுங்க முடியாமல் இருந்தால், கடிவாய் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனை நினைக்க வேண்டும். அதன் கடியில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. கட்டுப்போடுவதும் கீறுவதும் வேண்டாம். கையையோ காலையோ அசையாமல் வைத்து விரையுங்கள். மூச்சுத் தசைகள் செயலிழந்தால், பையால் மூச்சு கொடுத்துக்கொண்டே போனால் அந்தக் குழந்தை பிழைக்கும். விஷமுறிவு மருந்தின் அளவு குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒன்றே. குழந்தைதானே என்று குறைக்கக் கூடாது.

செந்தேள் கொட்டினால், கடிவாய் வலியைவிட வியர்வையும் சில்லிட்ட கை காலும் வாந்தியும் நம்மை எச்சரிக்க வேண்டும். நஞ்சு இதயத்தைத் தாக்கி நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். மகாராஷ்டிர மாநிலம் மகாத் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் பிரசோசின் மாத்திரை இதில் உயிர்காப்பதை உலகுக்குக் காட்டினார். இந்தக் குழந்தைகளுக்குச் சலைனைக் கண்மூடித்தனமாக ஏற்றினால் நுரையீரல் இன்னும் நிரம்பும்.

மண்ணெண்ணெய் குடித்துவிட்டால்? வெந்நீர் கொட்டிவிட்டால்?

மண்ணெண்ணெய்க்கு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆபத்து வயிற்றில் அல்ல, வாந்தியோடு அது நுரையீரலுக்குள் போவதில் இருக்கிறது. வெந்நீர்க் காயத்தின்மேல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு, சுத்தமான துணியால் மூடி, உடலின் மற்றப் பகுதியைப் போர்த்துங்கள். பற்பசை, மாவு, மை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம்.

வண்டியிலேயே பிரசவம் ஆகிவிட்டால் குழந்தைக்கு முதலில் என்ன?

துடைப்பது. உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, ஈரத்துணியை அகற்றி, தாயின் வெற்று மார்பின்மேல் கிடத்தி, இருவரையும் சேர்த்துப் போர்த்தி, குழந்தைக்குத் தொப்பி போட்டுவிட்டால், நன்றாக அழும் குழந்தைக்கு வேறெதுவும் தேவைப்படாது. குளிப்பாட்டக் கூடாது. வண்டியின் ஏசியை அணைத்துவிடுங்கள். துடைத்தும் முதுகைத் தேய்த்தும் அழவில்லை என்றால், பிறந்த முதல் நிமிடத்துக்குள் பையால் மூச்சு கொடுக்கத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60. முதல் சில நிமிடங்களில் ஆக்சிஜன் அளவு 60, 70 என்று காட்டுவது இயல்பு. அந்த எண்ணைக் கண்டு பதற வேண்டாம்.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது எதைச் சொல்ல வேண்டும்?

புறப்பட்டவுடனேயே தொலைபேசியில் சொல்லிவிட்டால், அங்கே சரியான அளவு மாஸ்க்கும் மருத்துவரும் தயாராக இருப்பார்கள். உள்ளே நுழைந்ததும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்: “ஒன்பது மாதக் குழந்தை, எட்டுக் கிலோ. இரண்டு நாளாகக் காய்ச்சலும் இருமலும். நாங்கள் பார்க்கும்போது மூச்சு 68, நெஞ்சு உள்ளே இழுத்தது, ஆக்சிஜன் 86. ஆக்சிஜன் வைத்தபின் 95, மூச்சு 60. சர்க்கரை 92. காலை ஆறு மணிக்குப் பிறகு பால் குடிக்கவில்லை. அம்மா உடன் இருக்கிறார்.” முதலில் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும், பொறுப்பேற்கும் மருத்துவருக்குக் குழந்தை தேறுகிறதா, தளர்கிறதா என்பது அதிலிருந்துதான் தெரியவரும். காகிதத்தில் எழுதிக் கொடுப்பதும் கட்டாயம், ஆனால் அதை அவர் படிக்க நேரமாகும். முதலில் காதில் விழட்டும்.